லாபம் என்று தொடங்கிய மூச்சு

கீர்த்தனா, மோகன்,

இதை அக்கா சத்தமாகப் படிக்கட்டும். மோகன், நீ பக்கத்தில் உட்கார்ந்து கேள். உன் பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் இங்கிலீஷும்தான், தமிழ் எழுத்து உனக்கு இன்னும் தடுமாறுகிறது. நடுவில் எழுந்து ஓடிவிடக் கூடாது. இது முக்கால்வாசி உனக்காக எழுதுவது.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கண்ணாமூச்சி ஆட்டத்தில் நீ எண்ணவே மாட்டேன் என்கிறாய் என்று அம்மா சொன்னாள். உன் முறை வந்தால் ஆட்டத்தையே விட்டு வந்துவிடுகிறாயாம். நான் லேசாக இருமினாலும் புத்தகத்தை மூடிவிட்டு என் நெஞ்சையே பார்க்கிறாய். நேரில் பேசலாம் என்று பார்த்தேன். வாயைத் திறந்தால் "ஒண்ணுமில்ல நைனா" என்று வாசலுக்குப் போய்விடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவன். மருத்துவம் தெரியாது. ஆனால் என் உடம்புக்குள் நடந்தது ரொம்ப விசித்திரமான சங்கதி. அங்கே படுத்திருந்த நாளெல்லாம் பயம் ஒரு பக்கம் இருந்தாலும், 'இது எப்படி நடக்குது?' என்ற கேள்விதான் என்னை அதிகம் பிடித்து ஆட்டியது. வந்தவர் போனவரையெல்லாம் கேட்டேன். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். எங்காவது தப்பாகச் சொல்லியிருந்தால் கீர்த்தனா படித்துப் பெரியவளாகித் திருத்தட்டும்.

இதெல்லாம் டெய்ரியில்தான் ஆரம்பித்தது. பலமனேர் ரோட்டில் இருக்கும் எங்கள் டெய்ரியில் நான் கிரீம் மிஷின் ஓட்டுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு சாயங்காலம் வாளியிலிருந்து பாலைக் கேனில் ஊற்றப் போனேன். எதிரே ஒரு கேன்தான் இருந்தது. எனக்கு இரண்டு தெரிந்தது. இடது பக்கத்துக் கேனில் ஊற்றினேன். அதுதான் இல்லாத கேன்.

கூட வேலை செய்யும் முனிரத்னம் மாமா தரையைப் பார்த்துவிட்டு, "இன்னா குமாரு, தரைக்குப் பாலாபிஷேகமா? கோயில்ல பண்ணியிருந்தா பிரசாதமாச்சும் குடுத்திருப்பான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது உதடு மேலே போகவில்லை. அதையும் அவர்தான் கவனித்தார். "ஏம்பா, சிரிக்கறியா, மொறைக்கறியா?"

காலையில் நன்றாக இருப்பேன். பொழுது சாயச் சாய இமை இறங்கும். "இன்னாங்க, பேசிக்கினே தூங்கறீங்க?" என்று உங்கள் அம்மா கோபித்துக்கொண்டாள். ராகி சங்கடிக் களியைப் பாதி தின்பதற்குள் தாடை ஓய்ந்துவிடும். கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு மென்றேன். டீயை ஊதி ஆற்ற முடியவில்லை. கன்னத்தை உப்பினால் காற்று உதட்டோரம் புஸ் என்று போய்விடும். கீர்த்தனா, "நைனா பஞ்சரான டியூபு" என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? நீ விளையாட்டாகச் சொன்னாய். ஆனால் கிட்டத்தட்ட அதுதான்.

சித்தூரில் கண்ணாடி வாங்கிப் போட்டேன். இரண்டு கேனும் இன்னும் தெளிவாகத் தெரிந்தன, அவ்வளவுதான். பிறகு கண் டாக்டர் ஒருவரிடம் போனேன். அவர் ஒரு கண்ணைப் பொத்தச் சொன்னார். ஒன்றாகத் தெரிந்தது. மற்றதைப் பொத்தச் சொன்னார். அப்போதும் ஒன்றுதான். "உங்க கண்ணு ரெண்டும் நல்லா இருக்கு. ரெண்டையும் ஒரே பக்கமா திருப்புற தசைங்கதான் களைச்சுப்போகுது. திருப்பதிக்குப் போங்க, நரம்பு டாக்டரப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்.

பஸ்ஸில் உங்கள் அம்மா தன் பழைய புடவையில் ஒரு துண்டு கிழித்து என் ஒரு கண்ணைக் கட்டிவிட்டாள். திருப்பதி வந்ததும் கட்டை அவிழ்த்துவிட்டு மலையைப் பார்த்தேன். "பத்மா, எல்லாருக்கும் ஏழு மலை, எனக்குப் பதினாலு தெரியுது" என்றேன். அவள் அழுதுகொண்டிருந்தவள், சிரித்துவிட்டாள். "அப்போ ரெண்டு மடங்கு புண்ணியம். நல்லா கும்பிடுங்க."

அங்கே ஒரு பெரிய டாக்டரம்மா. ஒல்லியான உடம்பு, நரைத்த தலை, மெதுவான பேச்சு. என்னை மேலே பார்க்கச் சொன்னார். இமை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி மூடிக்கொண்டது. நர்ஸிடம் ஐஸ் கட்டி கேட்டார். அதை ஒரு ரப்பர் கையுறைக்குள் போட்டு என் இமைமேல் வைத்துச் சற்று நேரம் பிடித்தார். எடுத்ததும் கண் திறந்துகொண்டது! உங்கள் அம்மா, "ஐயோ, ஐஸு போதுமா? வீட்டுல வச்சிருப்பேனே" என்றாள். டாக்டரம்மா சிரித்தார். "இது மருந்து இல்லம்மா. எந்த வியாதின்னு காட்டிக் குடுக்கிற சாட்சி."

அப்புறம் ஒரு பரீட்சை வைத்தார்கள். கையிலும் முகத்திலும் சின்னச் சின்னக் கரண்ட் தட்டுகிறார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் தசை பதில் சொல்ல வேண்டும். என் தசை முதல் தட்டுக்குப் பலமாகச் சொன்னது. அடுத்ததற்குக் கொஞ்சம் குறைவு, அதற்கடுத்ததற்கு இன்னும் குறைவு. திரையில் கோடுகள் படி இறங்குவதுபோல் இறங்கின. ரத்தமும் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். அங்கே கட்டி எதுவும் இல்லை என்று சொன்னார்கள்.

வியாதியின் பெயர் மயஸ்தீனியா கிராவிஸ். பெயரைச் சொல்லவே எனக்குத் தாடை வலிக்கும். டாக்டரம்மா விளக்கியதை நான் டெய்ரி பாஷையில் மாற்றிக்கொண்டேன். நரம்புதான் பால் வண்டி. தசைதான் டெய்ரி. வண்டி வந்து கேட்டில் நின்று ஆரன் அடித்தால் கேட் திறக்கும், வேலை நடக்கும். நம் உடம்பில் காவல்காரர்கள் இருக்கிறார்கள். கிருமி வந்தால் பிடிப்பதற்கு. ஆன்டிபாடி என்று பெயர். எனக்கு என்ன ஆனதென்றால், அந்தக் காவல்காரர்களில் சிலர் நம் கேட்டையே எதிரி என்று நினைத்து அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். வண்டி வந்து ஆரன் அடிக்கிறது. கேட் திறக்கவில்லை. காலையில் ஆரன் பலமாக இருக்கும், ஒன்றிரண்டு கேட்டாவது திறக்கும். சாயங்காலம் வண்டியும் களைத்துவிடும். எல்லாம் நின்றுபோகும்.

"ஏன் டாக்டரம்மா, என் காவல்காரனுக்கு மட்டும் ஏன் இந்தப் புத்தி?" என்று கேட்டேன்.

"அது எங்களுக்கும் முழுசா தெரியாதுங்க" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர், தெரியும் என்று சொல்வதை நம்பலாம் அல்லவா?

மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாள் தெம்பாக இருந்தேன். அப்புறம் சளிக் காய்ச்சல் வந்தது உங்களுக்கே தெரியும். உங்கள் இரண்டு பேருக்கும் வந்து போனது. எனக்கு வந்தது போகவில்லை. தண்ணீர் குடித்தால் மூக்கில் ஏறியது. படுத்தால் மூச்சு போதவில்லை. அம்மாவின் தம்பி, உங்கள் சேகர் மாமா, நகரியில் தறியை அப்படியே நிறுத்திவிட்டு வண்டி பிடித்துக்கொண்டு வந்தார். மறுபடியும் திருப்பதி. இந்த முறை ஐ.சி.யூ.

இப்போது மோகன் கவனமாகக் கேட்க வேண்டும்.

இந்த வியாதியில் பெரிய பயம் கண் இல்லை, மூச்சு. மூச்சை இழுப்பதும் தசைதானே! அது ஓய்ந்துவிட்டால் தொண்டையில் குழாய் விட்டு மிஷின்தான் மூச்சு விட வேண்டும். அதைச் சீக்கிரமே கண்டுபிடிக்க ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். நன்றாக மூச்சை இழுத்து, விடாமல் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ண வேண்டும். எத்தனை வரை போகிறது என்று பார்ப்பார்கள். "பதினஞ்சுக்குக் கீழ இறங்கினா குழாய் போட யோசிக்கணும்" என்று டாக்டரம்மா உங்கள் அம்மாவிடம் சொன்னார். எனக்குக் கேட்காது என்று நினைத்துச் சொன்னார். எனக்குக் கண்தான் இரண்டாகத் தெரியும், காது ஒன்றாகத்தானே கேட்கிறது!

முதலில் எண்ணச் சொன்னவர் இளம் டாக்டர் ஒருவர். வடக்கே எங்கிருந்தோ படிக்க வந்தவர், திருத்தமான தெலுங்கில் பேசுவார். "லெக்க பெட்டண்டி" என்றார். நான் மூச்சை இழுத்து, "லாபம், ரெண்டு, மூடு, நாலுகு..." என்று தெலுங்கில் ஆரம்பித்தேன்.

அவர் நிறுத்திவிட்டார். அம்மாவைப் பார்த்து, இவருக்குப் புத்தி தெளிவாக இருக்கிறதா என்று கேட்டார். என்னிடம் திரும்பி, இது எந்த ஊர், இன்றைக்கு என்ன கிழமை என்றெல்லாம் கேட்க ஆரம்பித்தார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் விளங்கியது. டெய்ரியில் பால் அளந்து ஊற்றும்போது முதல் அளவை நாம் யாரும் ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்றுதான் தொடங்குவோம். நெல் அளந்தாலும் கடலைக்காய் அளந்தாலும் அப்படித்தான். தமிழில் எண்ணினாலும் தெலுங்கில் எண்ணினாலும் முதல் அளவு லாபம். இருபது வருஷப் பழக்கம். எண்ணச் சொன்னதும் வாய் தானாக அங்கே போய்விட்டது. அந்தப் பிள்ளை தராசையே பார்க்காமல் வளர்ந்தவர்போல இருக்கிறது. உயிர் போகிற நேரத்தில் ஒருவன் லாபம் என்கிறானே என்று பயந்துவிட்டார்.

டாக்டரம்மா வந்து கேட்டதும் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "எங்க வீட்டுலயும் கடலைக்காய் அளந்தவங்கதான். லாபத்துலயே தொடங்கட்டும், பரவால்ல" என்றார். அன்று அவர் பக்கத்தில் நிற்க, லாபத்திலிருந்து இருபதைத் தாண்டினேன்.

ஆனால் மாத்திரை மட்டும் போதாது, ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். பிளாஸ்மா மாற்றுதல் என்று பெயர். அரசு மருத்துவ அட்டையில் பெரும்பகுதி கழிந்தது. மீதியைச் சேகர் மாமா பார்த்துக்கொண்டார். அந்தப் பேச்சை எடுத்தாலே அவர் எழுந்து போய்விடுவார், அதனால் நானும் இங்கே எடுக்கவில்லை.

கழுத்தில் ஒரு பெரிய ரத்த நாளத்தில் குழாய் வைத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் வைத்தார்கள். வலியைவிட அழுத்தம்தான் தெரிந்தது. அந்தக் குழாயில் இரண்டு வாய். ஒன்றில் ரத்தம் வெளியே போகும், மற்றதில் திரும்பி வரும். பக்கத்தில் பீரோ உயரத்துக்கு ஒரு மிஷின். அதை ஓட்டினவர் சுரேஷ். குடுபல்லி பக்கத்துப் பையன், நம் தமிழ்தான் பேசுவார். மிஷின் ஓடத் தொடங்கியதும் உள்ளே உய்ய் என்று ஒரு சத்தம். படுத்த இடத்திலிருந்தே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"தம்பி, இதுக்குள்ள ஏதோ சுத்துதா?"

"ஆமாண்ணா, எப்படிக் கண்டுபுடிச்ச?"

"நான் கிரீம் மிஷின் ஓட்டறவன்பா. இதே சத்தந்தான்."

உங்களுக்கும் ஒரு நாள் காட்டியிருக்கிறேன். கிரீம் மிஷினுக்குள் ஒரு குண்டான், அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டுகள். மேலிருந்து பால் விழும். குண்டான் பம்பரத்தைவிட வேகமாகச் சுற்றும். கனமான பால் ஓரத்துக்குப் போய்விடும். லேசான கிரீம் நடுவிலேயே நின்றுவிடும். இரண்டுக்கும் தனித்தனி வாய். ரத்த மிஷினும் அப்படித்தான் என்றார் சுரேஷ். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் கீழே தொங்கிய பையைப் பார்த்தேன். அதில் மஞ்சளாக, நெய் உருக்கினாற்போல, ஏதோ நிறைந்துகொண்டே வந்தது.

எனக்குப் பகீர் என்றது. எங்கள் மிஷினில் மஞ்சளாக வருவதுதான் விலையுள்ள சரக்கு. அதை எடுத்துக்கொண்டு சக்கைப் பாலைத்தானே திருப்பி அனுப்புவோம்!

"தம்பி, கொஞ்சம் நிறுத்து. கிரீமை எடுத்துட்டு வெறும் பாலை எனக்கு ஏத்தறியா?"

சுரேஷுக்குச் சிரிப்பில் கண்ணாடியே நழுவிவிட்டது. "அண்ணா, உன் கணக்க அப்டியே தலகீழா திருப்பிக்க. இங்க கனமா ஓரத்துக்குப் போறது செவப்பணு. அதான் உன் கிரீமு. அத்த பத்திரமா திருப்பிக் குடுத்துக்கினுதான் கீறேன். லேசா நடுவுல நிக்கறது இந்த மஞ்சத்தண்ணி, பிளாஸ்மா. உன் கேட்டு மேல குந்திக்கினு கீற காவக்காரனுங்க இதுலதான் நீந்தறானுங்க."

"அவனுங்கள மட்டும் புடிக்க முடியாதா?"

"அதுக்கும் ஒரு வழி கீதுண்ணா. அவனுங்கள மட்டும் ஒட்டிக்கற மாதிரி ஒரு குழல் வச்சி, அதுல இந்த மஞ்சத்தண்ணிய விட்டு எடுக்கறது. இன்னொண்ணு சுத்தாம, மெல்லிசா சல்லடை வச்சி வடிகட்டறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரில ஒவ்வொண்ணு. இங்க மொத்தத் தண்ணியும் எடுத்துக் கொட்டிட்டு வேற தண்ணி ஊத்தறோம். அல்புமின்னு ஒரு புரதத் தண்ணி, கூடத் தேவப்பட்டா தானம் குடுத்தவங்களோட பிளாஸ்மா."

அப்படித் தானம் கொடுக்க நகரியிலிருந்து சேகர் மாமாவின் தறிக்காரக் கூட்டாளிகள் ஒரு வேன் பிடித்து வந்தார்கள். யார் கொடுத்தது யாருக்குப் போனதோ தெரியாது. மாமா மட்டும், "இனிமே அவரு உடம்புல நகரித் தண்ணி ஓடுது, அக்கா. எங்க ஊரப் பத்திக் கிண்டல் பண்ணா அவருக்கே வலிக்கும்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மிஷின் ஓடும்போது உதடும் விரல் நுனியும் எறும்பு ஊர்வதுபோல் இருந்தன. ரத்தம் குழாயில் உறையாமல் இருக்க ஒரு மருந்து கலக்கிறார்கள். அது உடம்பிலிருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். சொன்னவுடன் கால்சியம் ஏற்றினார்கள், எறும்பு போய்விட்டது. "பால்காரருக்கே கால்சியம் பத்தலையா?" என்று நர்ஸ் கேலி செய்தாள்.

கீர்த்தனா, நீ போனில் ஒரு கேள்வி கேட்டாய். கெட்ட காவல்காரனோடு நல்ல காவல்காரனும் போய்விடுவானே, அப்போது காய்ச்சல் வந்தால் யார் பிடிப்பது? அதை நான் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "உங்க பொண்ணா கேட்டா? சரியான கேள்வி. அதனாலதான் உங்களப் பாக்க வர்றவங்க முகமூடி போடணும், கை கழுவணும்" என்றார். நான் அடுத்ததையும் கேட்டேன். கொட்டினால் மறுபடி ஊறாதா? "ஊறும்" என்றார். மிஷின் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும்தான் விரட்டும். புதிதாக அனுப்புகிறவனைத் தடுக்க மாத்திரைகள் வேண்டும், அவை வேலை செய்ய நாளாகும். அதுவரை தாக்குப்பிடிக்கத்தான் இந்த மிஷின்.

முதல் சுற்று முடிந்ததும் இமை கொஞ்சம் நின்றது. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்வது வழக்கம். இரண்டாவது சுற்றுக்கு முந்தைய நாள் இளம் டாக்டர் எண்ணச் சொன்னார். லாபம் என்று தொடங்கினேன். ஒன்று என்று சொல்லச் சொல்லி, "ஒகட்டி" என்று திருத்தினார். மறுபடி ஆரம்பித்தேன். தடுமாற்றத்திலேயே மூச்சு போனது. பதினாறோ என்னவோ வந்தது. சரி, நாளைக்கு மறுபடி பார்க்கலாம் என்று போனார்.

அன்று சாயங்காலம் அம்மா கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் வந்து போனை என் முகத்தருகே பிடித்தாள். வீடியோவில் நீங்கள் இரண்டு பேரும்.

"நைனா, எம்மாம் வரைக்கும் எண்ணுன?" என்றாய் மோகன்.

"பதினாறு."

"கம்மி! நீ தெலுங்குல எண்ணறே நைனா, அதான். பதகொண்டு, பத்னாலுகுன்னு ஒண்ணொண்ணும் எம்மாம் நீளம்! இங்கிலீஷ்ல சின்னச்சின்னதா கீது. ஒன்டூத்ரீஃபோர்னு ஒட்டி ஒட்டிச் சொல்லு. நான் கண்ணாமூச்சில அப்டித்தான் நூறு வரைக்கும் போவேன்."

"அது ஏமாத்துடா" என்றாள் அக்கா.

"இல்ல. லாபம் வேணான்னு டாக்டரே சொல்லிட்டாராம், அம்மா சொல்லிச்சி. நைனா, என் கூட சொல்லு."

சொன்னேன். இரண்டு மூன்று தடவை. நீ கைதட்டினாய். எனக்கு மூச்சு வாங்கியது, ஆனால் அத்தனை நாளில் முதல் முறையாக உடம்பு லேசானதுபோல் இருந்தது.

காலையில் இளம் டாக்டரிடம் இங்கிலீஷில் எண்ணினேன். உன்னைப் போலவே ஒட்டி ஒட்டி. இருபத்தொன்று! அவர் முகம் மலர்ந்துவிட்டது. "குட், குட்" என்றார். இவர் தேறி வருகிறார், இன்றைக்கு மிஷினை வேறு படுக்கைக்குக் கொடுக்கலாம், இவருக்கு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அம்மா வெளியே போய் சேகர் மாமாவிடம் சொல்லி, இருவரும் டீ குடித்தார்கள்.

ஆனால் எனக்கு எச்சில் விழுங்க முடியவில்லை. இருபத்தொன்று வந்துவிட்டதே, இது வேறு ஏதோ என்று நினைத்தேன். நம்பரை நம்பினேன். என் தொண்டையை நம்பவில்லை.

மத்தியானத்துக்கு முன்பு டாக்டரம்மா வந்தார். நம்பரைக் கேட்கவில்லை. "தலையணையிலிருந்து தலைய மட்டும் தூக்குங்க" என்றார். தூக்கினேன். தலை அசையவே இல்லை. அவர் புருவம் சுருங்கியது. கழுத்துத் தசை போனால் மூச்சுத் தசையும் கூடவே போகும் என்று பிறகு சொன்னார்.

"காலையில எத்தனை வந்துது?"

"இருபத்தொண்ணு."

"எப்படி எண்ணுனீங்க?"

வெட்கத்தோடு எண்ணிக் காட்டினேன். அவர் தன் விரலை என் கட்டில் கம்பியில் தட்டினார். டக், டக் என்று சீராக. "இந்தத் தாளத்துக்கு, உங்க வழக்கப்படி, லாபத்துல இருந்து."

லாபம். ரெண்டு. மூடு. எட்டு, எனிமிதிக்கே மூச்சு இழுத்தது. தொம்மிதி, பதி. பதினொன்று, அந்தப் பதகொண்டு, பாதியில் நின்றுபோனது.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகம்தான். மூக்கையும் வாயையும் இறுக்கி மூடும் ஒரு முகமூடி போட்டார்கள். நான் இழுக்கும்போது அதுவே காற்றை உள்ளே தள்ளும். சுரேஷ் சாப்பாட்டுப் பொட்டலத்தை மூடி வைத்துவிட்டு மிஷினைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். தொண்டைக் குழாய் தட்டில் தயாராக இருந்தது, என் கண்ணுக்கு நேரே, இரண்டாக. அம்மா கதவுக்கு வெளியே நின்றாள். அவள் வாய் அசைவதை மட்டும் பார்த்தேன். மஞ்சள் பை மெதுவாக நிறைந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். போங்கடா, போங்கடா என்று அந்தக் காவல்காரர்களிடம் மனசுக்குள் சொன்னேன்.

குழாய் போட வேண்டிய அவசியம் வரவில்லை. பொழுது இறங்கும் நேரத்தில் எச்சிலை விழுங்கினேன். அவ்வளவு சந்தோஷமாக யாரும் எச்சில் விழுங்கியிருக்க மாட்டார்கள். அதற்கடுத்த சுற்றுகளில் தலையைத் தூக்க முடிந்தது. பிறகு ஒருநாள் மத்தியானம் அம்மா ஊட்டிய தயிர்சாதத்தில் ஒரு பருக்கைகூட மூக்குக்குப் போகவில்லை. வார்டுக்கு மாற்றிய அன்று ஜன்னலில் மலையைப் பார்த்தேன். ஏழுதான் இருந்தது.

மோகன், எனக்கு அந்த முகமூடி போட்ட அன்று அம்மா பதட்டத்தில் போனில் உன்னிடம், "உன் இங்கிலீஷ் கணக்கால நைனாவுக்கு இப்படி ஆயிடுச்சிடா" என்று கத்திவிட்டாள். அவள் அன்றே வருத்தப்பட்டாள். உனக்குத்தான் அது இன்னும் முடியவில்லை.

டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எண்ண வச்சா வேகத்தை நாங்கதான் புடிச்சு வைக்கணும். அது எங்க வேலை, பத்து வயசுப் பையன் வேலை இல்ல." அந்த இளம் டாக்டரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த நாளிலிருந்து அவரும் கட்டில் கம்பியைத் தட்டித்தான் எண்ண வைத்தார். என்னை மட்டுமில்லை, பக்கத்துப் படுக்கைக்காரரையும். போகும்போது என்னிடம், "லாபந்தோ மொதலு பெட்டண்டி" என்று லாபத்திலேயே தொடங்கச் சொல்லிச் சிரித்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. எண்ணினது என் வாய். மூச்சு வாங்குகிறது என்று தெரிந்தும் சொல்லாமல் இருந்ததும் என் வாய்தான். நீ அன்று கைதட்டினாயே, அந்தச் சத்தம் இல்லாவிட்டால் அந்த ராத்திரியை நான் எப்படிக் கழித்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. பெரியவர்களுக்கும் தெரியாத வியாதி இது. இதில் நீ உனக்குத் தெரிந்த ஒன்றைக் கொடுத்தாய். அது நல்ல சரக்குதான். அளக்கிற இடம்தான் தப்பு.

வியாதி போய்விடவில்லை. மாத்திரை சாப்பிடுகிறேன், திருப்பதிக்குப் போய் வருகிறேன், களைத்தால் உட்கார்ந்துவிடுகிறேன். மறுபடி மிஷின் தேவைப்படலாம். தேவைப்பட்டால் சுரேஷ் இருக்கிறார். இந்தத் தடவை மஞ்சள் பையைப் பார்த்து அலற மாட்டேன்.

போன வாரம் டெய்ரியில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தேன். கனமான கேன் தூக்கக் கூடாது என்று முனிரத்னம் மாமா என்னை மிஷின் கழுவுவதோடு நிறுத்தி வைத்திருக்கிறார். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நான் மட்டும் இருந்தேன். குண்டானைப் பிரித்துத் தட்டுகளை வெந்நீரில் கழுவினேன். அவற்றை வரிசை தப்பாமல் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரும்ப அடுக்க வேண்டும்.

மூச்சை நன்றாக இழுத்தேன். முதல் தட்டை வைத்து "லாபம்" என்றேன். அடுத்ததற்கு "டூ". அதற்கடுத்ததற்கு "த்ரீ". ஒட்டி ஒட்டி இல்லை, ஒவ்வொரு தட்டும் டக்கென்று உட்காரும் தாளத்துக்கு. எல்லாத் தட்டும் அடுக்கி முடிந்தபோது நெஞ்சில் இன்னும் கொஞ்சம் மூச்சு மிச்சமிருந்தது. மேல் தட்டில் ஒரு சொட்டு வெந்நீர் உருண்டுகொண்டிருந்தது. கன்னத்தை உப்பி, குனிந்து, அதை ஊதினேன். பறந்துபோய்விட்டது.